உறுதி கேட்கும் கருணை

செம்மேட்டில் கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு தங்கும் விடுதிக்குப் பெயிண்ட் அடிக்க அடிவாரத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். பிறந்தது கிளிநொச்சி. 1990-ல் எட்டு வயதில் படகேறி வந்தவர். முகாமில் செக்கிங் நாள் வருவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாக வேலை பார்த்தார். தேநீர் இடைவேளையில் என் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினேன். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்தியா கட்டிக்கொடுத்த வீடுகளைப் பற்றியது. அன்று காலைதான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை வைத்து இரண்டு தோழர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். இது இந்தியாவின் கருணை என்றார் ஒருவர், கொன்றதற்குக் கொடுத்த கூலி என்றார் மற்றவர்.

அண்ணன் முழுவதும் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்கக்கா இன்னும் அங்கதான் இருக்கு தம்பி. அதுக்கு வீடு வரல. காணிக்கு பேர்மிட் கேட்டாங்க. அது எங்கப்பா காடு வெட்டின நிலம். யார்கிட்ட போய் பேர்மிட் கேக்குறது?"

குழுவில் நடந்த சண்டையில் இந்தக் கேள்வி இல்லை. பதினைந்து வருடங்களுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் நாம் ஈழம் பேசுகிறோம். எந்த நாடு எவ்வளவு கொடுத்தது, எந்த நாடு துரோகம் செய்தது என்று பட்டியல் போடுகிறோம். கொடுத்த பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்று மட்டும் கேட்பதில்லை.

முதலில் அந்தத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2010-ல் இந்தியா 50,000 வீடுகள் அறிவித்தது. ஏறத்தாழ 46,000 வடக்கு, கிழக்குக்கு, 4,000 மலையகத் தோட்டங்களுக்கு. 2012-ல் 1,000 வீடுகள் முன்னோடியாகக் கட்டி முடிக்கப்பட்டன. அதே ஆண்டு காந்தி பிறந்த நாளில் பெரிய கட்டம் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் கட்டித்தருவதில்லை. குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக வரும், அத்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழுந்தால் ஒன்று என்று. குடும்பமே நின்று கட்டிக்கொள்ள வேண்டும். இடைத்தரகருக்கு இடமில்லாத நல்ல முறை இது. பெண் தலைமைக் குடும்பம், மாற்றுத்திறனாளி, முதியவர் என்று முன்னுரிமையும் இருந்தது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பல்லாயிரம் பேர் தறப்பாள் கொட்டகையிலிருந்து ஓட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

ஆனால் வீடு காற்றில் நிற்காது, நிலத்தில் நிற்க வேண்டும். அந்த நிலத்துக்குக் காணி உறுதி வேண்டும், அல்லது பிரதேச செயலகம் கொடுத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். உறுதி என்றால் நம்மூர்ப் பத்திரம். பட்டியலில் சாதி என்ற சொல் எங்கும் கிடையாது. தேவையும் இல்லை. உறுதி என்ற ஒரு சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வடக்கில் தலைமுறை தலைமுறையாக உறுதி வைத்திருந்தவர் யார், அவர் காணியின் மூலையில் அவர் சொல்படி குடிசை போட்டிருந்தவர் யார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணனின் அப்பா கிளிநொச்சிக்கு எப்படிப் போனார் என்று சொல்ல வேண்டும், அது நம் கதையும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்தது சேலம், திருச்சி, மதுரை மாவட்டங்களில். இந்த மலையின் அடிவாரமும் அதில் அடங்கும். போனவர்களில் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து போனவர்கள். பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்திப் போனவர்கள். 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆட்டுக்கூட்டம் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு வந்தவர்களின் மறுவாழ்வு எப்படி இருந்தது? நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அதே கொழுந்து, அதே லயம். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அடுத்தவன் நாட்டில் வீடு கட்டிக்கொடுக்கப் போன இந்தியா, தன் நாட்டுக்குத் திரும்பி வந்தவர்களுக்குச் செய்தது இது.

அங்கேயே தங்கியவர்கள் 1958-லும் 1977-லும் 1983-லும் சிங்களக் காடையரிடம் அடிவாங்கி வடக்கே ஓடினார்கள். வன்னியில் காடு வெட்டினார்கள். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்தியது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குடியேறிய மக்கள் மட்டும் தமிழருக்கு நடுவில் சமமாக வாழ்ந்தார்களா? 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்' என்ற பெயர்கள் சிங்களவர் கொடுத்தவையல்ல. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள் பலவும் யாழ்ப்பாணத்தில் படித்தவர் பெயரில், வசதியானவர் பெயரில் இருந்தன. அதில் இறங்கி வேலை செய்தவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். உறுதி ஒருவரிடம், மண்வெட்டி இன்னொருவரிடம். போர் முடிந்து 2009-க்குப் பின் மீள்குடியேற்றம் வந்தபோது, மண்வெட்டி வைத்திருந்தவரிடம் உறுதி கேட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கைக் குடிக்கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கும், சாதியைக் கேட்காது. வன்னியில் வாழும் மலையக மக்கள் பலர் 'இலங்கைத் தமிழர்' என்றே பதிந்திருக்கிறார்கள். கொச்சைப் பேச்சிலிருந்து தப்பிக்க அது அவர்களுக்கு ஒரு வழி. ஆனால் அதனாலேயே அவர்களின் நிலமின்மை எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாகத் தெரியாமல் போய்விட்டது. உதவி கொடுக்க வந்த நாடுகளுக்குத் தெரிந்ததெல்லாம் 'போரால் பாதிக்கப்பட்ட தமிழர்' என்ற ஒரே கட்டம்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1990-ல் வலிகாமம் வடக்கை ராணுவம் உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. எல்லாச் சாதியினரும்தான் ஓடினார்கள். காசு இருந்தவர்கள் கொழும்புக்கு, கனடாவுக்கு, லண்டனுக்குப் போனார்கள். உறவினர் வீடு இருந்தவர்கள் அங்கே போனார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வேறு ஊரில் காணி வாங்கினார்கள். கடைசிவரை 'நலன்புரி நிலையம்' என்று பெயர் வைத்த முகாம்களில் மிஞ்சியவர்கள் யார்? பெரும்பாலும் நளவர், பள்ளர், பறையர் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமர். காலிங்க டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு நூல் இதைத் தெளிவாகப் பதிவுசெய்திருக்கிறது. முகாமுக்கு வெளியே காணி வாங்கப் போனால், இந்த ஆட்களுக்கு விற்பதில்லை என்று பக்கத்துக் காணிக்காரர்கள் கூடிப் பேசிக்கொள்வார்கள். நம்மூரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். 2015 டிசம்பரில் ஜனாதிபதி சிறிசேன முகாமுக்கே வந்து ஆறு மாதத்தில் தீர்வு என்றார். ராணுவம் சில காணிகளை விட்டது. காணி இருந்தவர் காணிக்குத் திரும்பினார். காணி இல்லாதவர் எதற்குத் திரும்புவார்?

உலக அளவில் இதற்கு ஒரு சட்டச் சிந்தனையே இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்களின் வீடும் நிலமும் அவர்களுக்கே திரும்பக் கிடைக்க வேண்டும் என்று 2005-ல் ஐ.நா. வட்டாரத்தில் பினெய்ரோ கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. போஸ்னியா அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனே துரத்திவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்ட இடத்தில் அது அருமையான கோட்பாடு. சாதிச் சமூகத்தில் அதையே வைத்துப் பாருங்கள். போருக்கு முன்னால் என்ன இருந்ததோ அதைத் திருப்பிக் கொடு என்றால், நிலம் இருந்தவருக்கு நிலமும் நிலமற்றவருக்கு நிலமின்மையும் திரும்பக் கிடைக்கும். 'மீள்கட்டுமானம்' என்ற சொல்லை நாம் எவ்வளவு அப்பாவியாகப் பயன்படுத்துகிறோம்!

இது இலங்கைக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். போன படகுக்குப் படகு, போன வலைக்கு வலை. கரைக்கு உள்ளே கூலி வேலை செய்த தலித் மக்களிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆகவே எதுவும் போகவில்லை என்று கணக்கு. பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொடவும் முகாமில் சேர்ந்து தங்கவும் விடவில்லை என்று அன்றே மனித உரிமை அமைப்புகள் எழுதின. உலக வங்கிப் பணமும் ஆசிய வளர்ச்சி வங்கிப் பணமும் அந்தத் தொட்டியைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்?

கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கென்ன ஈழத்துக் காணிக் கவலை என்று கேட்கலாம். வெளிநாட்டுப் பணம் எங்கள் மலைக்கும் வந்தது, அதனால்தான் கேட்கிறேன். இங்கே போர் நடக்கவில்லை. நடந்தது மரவள்ளி. சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், வியாபாரி முன்பணம் கொடுப்பார், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலமெல்லாம் கிழங்காயிற்று. ரேஷன் அரிசியும் வந்தது. சாமை குத்துவது பெண்களுக்கு உயிர் போகிற வேலை, உரலில் மணிக்கணக்காகக் குத்தினால் ஒரு வேளைச் சோறு. அந்த வேலை ஒழிந்ததே நல்லது என்று என் அம்மா இன்றும் சொல்வார். 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களுக்காக வேலை செய்தது. சுவிட்சர்லாந்துப் பணம், கனடாப் பணம், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் பணம் எல்லாம் அதில் உண்டு. அவர்கள் செய்ததில் பெரிய விஷயம் விதைச் சேமிப்பு என்று எழுதுவார்கள். நான் பார்த்தவரை பெரிய விஷயம், ஊரில் வைத்த உமி நீக்கும் சின்ன இயந்திரம். உரல் ஓய்ந்தது, சாமைச் சோறு சில வீடுகளில் திரும்பி வந்தது. பெண்கள் குழுவே இயந்திரத்தை ஓட்டியது.

அது ஏன் இங்கே ஓரளவு வேலை செய்தது? கொடுத்த விதையை விதைக்க எங்களிடம் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. இந்த மலையில் மலையாளிப் பழங்குடிகள்தான் பெரும்பான்மை, பெரும்பாலான வீட்டுக்கு மேட்டுக்காடு கொஞ்சம் உண்டு. அந்த நிலத்துக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தும், 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் இங்கே உரிமைப் பட்டயங்கள் முடங்கிக் கிடந்தன. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிச்சு அவிழ்ந்தது. எட்டு வருடம்! செம்மேட்டைச் சுற்றி எழும்பும் விடுதிகளின் முதலாளிகள் எந்த ஊர்க்காரர்கள் என்று விசாரித்தால் மிச்சக் கதை தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வெள்ளாளர் வழி என்று பெருமைக்கதை சொல்லி, அடிவாரத்துச் சேரிக்காரர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்ப்பவர்கள் எங்களிலும் உண்டு. மலையேறினால் சாதி மூச்சுத்திணறிச் செத்துவிடும் என்று சமவெளித் தோழர்கள் நம்ப வேண்டாம்.

நிலம் இல்லாதவரிடம் அதே விதையைக் கொடுத்திருந்தால் அவர் அதை வறுத்துத் தின்றிருப்பார். அதுவே நியாயமும்கூட. வன்னியில் நிலமற்ற குடும்பங்களுக்கு நடந்தது அதைவிட மோசம். அவர்களுக்கு விதைகூட வரவில்லை, கடன் வந்தது. போர் முடிந்ததும் ஏ-9 சாலை அகலமானது, வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும் கிளை திறந்தன. 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, அந்தத் தண்டவாளம் இந்தியக் கடனில் இந்திய நிறுவனமான இர்கான் போட்டது. ரயிலில் யாரும் சாதி கேட்பதில்லை, அதுவரை நல்லதுதான். ஆனால் 'பொருளாதார மீட்சி' என்று சொல்லப்பட்டது, நிலமோ வேலையோ இல்லாத பெண்களின் வாசலில் நுண்கடனாக வந்து நின்றது. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று. 2018-ல் அரசே சில மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. அதே ஆண்டு வந்துபோன ஐ.நா. வல்லுநர் பொகோஸ்லாவ்ஸ்கி, தவணை வசூலிக்க வருபவர்கள் பெண்களிடம் பாலியல் ரீதியாக மிரட்டுவதைப் பற்றியும் சொன்னார். வங்கி அடமானத்துக்குக் காணி கேட்கும், காணி இல்லாதவள் நுண்கடனுக்குப் போவாள். இங்கேயும் உறுதிதான் வாசலில் நிற்கிறது.

பொதுச் சேவை என்று சொல்லும்போது எனக்கு யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வரும். 1981-ல் எரித்தது சிங்களப் பேரினவாதம். அதில் சந்தேகமே இல்லை. திருத்திக் கட்டி முடித்து 2003 பெப்ரவரியில் திறக்க இருந்தார்கள். அப்போது மாநகர மேயர் செல்லன் கந்தையன், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். திறப்பு விழாவைப் புலிகள் நிறுத்தினார்கள், மாநகர சபையே பதவி விலகியது. சாதி காரணமில்லை என்பது அவர்கள் தரப்பு. ஒரு பஞ்சமரின் பெயர் அந்தக் கல்வெட்டில் ஏறக் கூடாது என்பதுதான் காரணம் என்பது தலித் தரப்பின் குற்றச்சாட்டு. உள்ளே என்ன பேசினார்கள் என்பதை விடுங்கள். எரிந்த நூலகத்துக்காகத் தமிழ்நாட்டில் எத்தனை கூட்டம் போட்டோம்? திறக்கவிடாமல் தடுக்கப்பட்ட அந்த மேயருக்காக ஒரு கூட்டம் போட்டோமா?

"ராணுவம் நிலத்தைப் பிடித்துவைத்திருக்கும்போது சாதியைப் பேசினால் தமிழினம் பிளவுபடும்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்த பதில். 1966-ல் நிச்சாமத்தில், சங்கானையில் ஒடுக்கப்பட்ட மக்கள் தேநீர்க் கடைக்குள் நுழையப் போராடியபோதும், 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உட்கார்ந்தபோதும் தமிழ்த் தலைவர்கள் இதைத்தான் சொன்னார்கள். சுதந்திரம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காங்கிரஸ் அம்பேத்கரிடம் சொன்னதும் இதுதானே? கேப்பாப்புலவில் 2017-ல் வீதியோரம் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்த பெண்களின் போராட்டம் என் போராட்டம். ராணுவம் ஒவ்வொரு அங்குல நிலத்தையும் விட்டு வெளியேற வேண்டும். வெளியேறிய பிறகு அந்த நிலம் யாருக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன். இந்தக் கேள்வியால் உடைகிற ஒற்றுமை, ஏற்கெனவே உறுதி வைத்திருப்பவர்களின் ஒற்றுமை மட்டுமே. கொழும்பு அரசு சாதிப் பிளவைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தும் என்பது உண்மை. அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க ஒரே வழி, தமிழ்க் கட்சிகளே முந்திக்கொண்டு நிலமற்றவரின் பக்கம் நிற்பது.

என்ன கேட்க வேண்டும் என்பதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1947-ல், வெள்ளைக்காரன் போய் ஒரு புது நாடு கட்டப்படுகிற நேரத்தில், அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' மனுவில் இது இருக்கிறது. ஒரு குடியேற்ற ஆணையம் வேண்டும், சாகுபடியாகாத அரசு நிலம் அதன் பொறுப்பில் இருக்க வேண்டும், அதில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் கிராமங்கள் அமைய வேண்டும் என்றார். நிலம் முதலில், மற்றதெல்லாம் அதன் மேல். நாடு அதைத் தள்ளிவிட்டது. நமக்குக் கிடைத்தது 1892-ல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தின் காகிதம் மட்டும். நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் கட்சிகள் இருமுகின்றன.

வன்னியில் அரசுக் காணியும் காடும் இருக்கின்றன. பத்து, இருபது வருடம் உழுதவர் பெயருக்கு அனுமதிப்பத்திரம் எழுதுவது பிரதேச செயலகத்தின் ஒரு கையெழுத்து. சில இடங்களில் எழுதியும் இருக்கிறார்கள், அங்கெல்லாம் வீடும் வந்தது. ஆக, செய்ய முடியாத காரியமில்லை. பணம் கொடுக்கிற நாடு, "முதலில் நிலமற்றவர் பட்டியலைக் கொடு, அவருக்கு நிலத்தை எழுது, பிறகு வீட்டுக்குப் பணம்" என்று நிபந்தனை போடலாம். 2003-ல் டோக்கியோவில் 450 கோடி டாலர் தருவதாகச் சொன்ன நாடுகள் சமாதானப் பேச்சு முன்னேற வேண்டும் என்று நிபந்தனை போடவில்லையா? 2023-ல் 290 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்ட சர்வதேச நாணய நிதியம் வரி முதல் மின்கட்டணம் வரை நிபந்தனை போடவில்லையா? ஏழைக்கு மின்கட்டணம் ஏற்ற நிபந்தனை போடத் தெரிந்தவர்களுக்கு, ஏழைக்குக் காணி எழுத நிபந்தனை போடத் தெரியாதா? நாங்கள் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று டெல்லி சொல்லும். உறுதி இருக்கிறவருக்குத்தான் வீடு என்பதும் தலையீடுதான், ஆதிக்கத்தின் பக்கமாக.

இப்போது தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிப் போவது பற்றியும் பேச்சு இருக்கிறது. 2021-ல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக மாநில அரசு அறிவித்தது. நல்ல வேலை. ஆனால் முகாமில் இருப்பவர்களில் ஏராளமானோர் மலையக வழியினர். இந்தியாவும் குடியுரிமை தரவில்லை, இலங்கையிலும் போய் நிற்க ஒரு காணி இல்லை. திரும்பிப் போகச் சொல்லும் அதிகாரியும் இங்கேயே இருங்கள் என்று சொல்லும் அரசியல்வாதியும் அண்ணனிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

அவர் வேலை முடிந்து கிளம்பும்போது, "உங்க மலையில எல்லாருக்கும் பட்டா இருக்கா தம்பி?" என்று என்னைக் கேட்டார். கொஞ்சம் பேருக்கு இருக்கிறது, கொஞ்சம் பேர் மனு கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்றேன். மனுவின் நகலை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், அக்கா ஒருமுறை அப்படித்தான் கொடுத்துவிட்டுத் திண்டாடினாள் என்று சொல்லிவிட்டு, பெயிண்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் பேருந்துக்கு ஓடினார். அடுத்த நாள் முகாமில் செக்கிங்.